எந்த இடம் நன்றாக இருந்தது?

பல வருடங்களுக்கு முன் ஒரு நாடகம் முடிந்ததும், அதில் நடித்த அம்மாவைப் பார்த்துப் பேசலாம் என்று ஒப்பனை அறைக்குப் போனேன். ஒரே நாடகத்தில் மூன்று வேடம் கட்டியிருந்தார்: ஒரு கிழவி, ஒரு பள்ளிச் சிறுமி, ஒரு காவல் அதிகாரி. தேங்காய் எண்ணெய் தொட்டு முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பிரமாதம் அம்மா, பாத்திரமாவே வாழ்ந்துட்டீங்க" என்றேன். கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "சந்தோஷம் தம்பி. எந்த இடம்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. நாடகம் உண்மையிலேயே பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கிழவி எப்படி உட்கார்ந்தாள், சிறுமி எந்தக் கையால் பையைத் தூக்கினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஏதோ சமாளித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரு மேடை நடிகையைப் புகழ்ந்து யார் எழுதியிருந்தாலும், அந்த அம்மாவின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். எந்த இடம்?

திரைப்படத்தில் நடித்தவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. படம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மேடையில் நடித்தது விளக்கு அணைந்ததும் போய்விடுகிறது. ஒளிப்பதிவு வருவதற்கு முந்தைய காலத்து நடிகைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்தவர்கள் எழுதிவைத்ததுதான். எழுதியவர் வெறும் அடைமொழிகளை அடுக்கியிருந்தால், அந்த நடிகை கைதட்டலோடு காணாமல் போனார் என்று அர்த்தம்.

நம்மிடம் இதற்கென்று தயாராக ஒரு சொல்மூட்டை இருக்கிறது. வாழ்ந்து காட்டினார், பாத்திரத்தோடு ஒன்றிப்போனார், கண்களாலேயே பேசினார், நவரசங்களையும் பிழிந்தார். வேடம் ஒன்றுக்கு மேல் இருந்தால் 'பன்முகத் திறமை' என்று ஒரு முத்திரை. இந்த வரிகளில் ஒரு நடிகையின் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். எதுவும் குறையாது. நானும் இப்படி நிறைய எழுதியவன்தான், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை.

சரி, நல்ல பாராட்டு எப்படி இருக்கும்? பழைய ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1785 பிப்ரவரி 2. லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடிகை சாரா சிடன்ஸ் முதன்முறையாக ஷேக்ஸ்பியரின் லேடி மேக்பெத்தாக மேடையேறப் போகிறார். பத்து வருடம் முன்பு இதே அரங்கில் எடுபடாமல் ஊர்நாடகங்களுக்குத் திரும்பிப் போனவர், 1782இல் மறுபடி வந்து லண்டனையே அழவைத்தவர். அன்று மாலை அவர் வேடம் போட்டுக்கொண்டிருக்கும்போது அரங்கின் நிர்வாகியும் நாடக ஆசிரியருமான ஷெரிடன் அறைக்கதவைத் தட்டுகிறார். அவருக்கு ஒரே கவலை. லேடி மேக்பெத் தூக்கத்தில் நடந்துவரும் காட்சியில் சிடன்ஸ் மெழுகுவத்தியைக் கீழே வைக்கப்போகிறாராமே? அதற்கு முன் அந்த வேடத்தில் பெரும்பெயர் வாங்கிய பிரிட்சார்ட் அம்மையார் காட்சி முழுக்க மெழுகுவத்தியைக் கையைவிட்டு இறக்கியதில்லை. சனங்கள் அதற்குப் பழகியிருந்தார்கள். அதை மாற்றினால் அகம்பாவம் என்பார்கள் என்று ஷெரிடன் பயந்தார்.

சிடன்ஸின் பதில் எளிமையானது. கையில் படிந்த, இல்லாத ரத்தக்கறையைக் கழுவ வேண்டும். ஒரு கையில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு எப்படிக் கழுவுவது? வைத்தார், கழுவினார், அரங்கம் ஒத்துக்கொண்டது. நாடகம் முடிந்ததும் ஷெரிடனே வந்து, நீங்கள் பிடிவாதம் பிடித்தது நல்லதாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். 1812இல் சிடன்ஸ் மேடையிலிருந்து விடைபெற்ற அன்றும் இதே வேடம்தான். அந்தக் காட்சி முடிந்த பிறகு நாடகம் மேலே தொடரக் கூட்டம் விடவில்லை.

இவரைப் பற்றி அந்தக் காலத்துப் பெரிய விமர்சகர் ஹாஸ்லிட், துன்பியலே உருவெடுத்து வந்ததுபோல் இருந்தார் என்ற பொருளில் எழுதினார். அழகான வரி, இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால், எடின்பரோவின் சட்ட அறிஞர் ஜார்ஜ் ஜோசப் பெல் செய்தது அதைவிடப் பெரிய மரியாதை. அவர் விமர்சகர் இல்லை. 1809 வாக்கில் சிடன்ஸின் நாடகங்களைப் பார்க்கப் போனபோது அச்சிட்ட நாடகப் பிரதியை எடுத்துக்கொண்டு போனார். எந்தச் சொல்லில் குரல் ஏறியது, எங்கே இறங்கியது, கை எங்கே இருந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தார்.

ஒரு இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். அரசனைக் கொல்வதற்கு முன் அவள் கணவன் மேக்பெத் தயங்குகிறான். நாம் தோற்றுப்போனால், என்கிறான். அதற்கு அவள் சொல்வது ஆங்கிலத்தில் இரண்டே சொல். சிடன்ஸ் அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார் என்று ஆன்னா ஜேம்சன் என்ற எழுத்தாளர் பதிவுசெய்திருக்கிறார். முதலில் ஏளனமான கேள்வியாக: "தோற்பதா?" அப்புறம் 'நாம்' என்பதில் அழுத்தம் கொடுத்து, கோபமாக: "நாமா தோற்பது!" கடைசியில் அவர் வந்து நின்றது முற்றுப்புள்ளியில்: "தோற்போம்." தாழ்ந்த குரல், ஒரு தடுமாற்றமும் இல்லை. தோற்றால் தோற்போம், அதற்கென்ன இப்போது? பெல்லின் குறிப்பும் அதையேதான் சொல்கிறது. வியப்பு இல்லை, குரல் பலமாகக் கீழே இறங்குகிறது, கைகள் தாழ்கின்றன, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கிறது.

அந்த உள்ளங்கை இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. இருநூறு வருடம் கடந்து, ஒரு கேமரா இல்லாமல். அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்விக்குப் பெல்லிடம் பதில் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, சிடன்ஸ் பன்முகத் திறமைக்காரர் இல்லை. நகைச்சுவையில் அவர் எடுபடவில்லை என்று அவரை வணங்கியவர்களே ஒத்துக்கொண்டார்கள். ஒரே திசையில் ஆழமாகப் போனவர். 'எந்த வேடம் கொடுத்தாலும் ஊதித்தள்ளுவார்' என்பதை நடிகைக்குத் தரக்கூடிய உச்சப் பாராட்டாக நாம் வைத்திருக்கிறோம். அது உச்சம்தானா என்று சிடன்ஸை வைத்து ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம்.

பன்முகம் என்றால் என்ன என்ற கேள்வி வெளிப்படையாக மோதிக்கொண்டது 1895 ஜூனில், அதே லண்டனில். பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட், இத்தாலிய நடிகை எலியொனோரா டூஸே, இருவரும் சில நாள் இடைவெளியில் ஒரே வேடத்தில் நடித்தார்கள். ஸூடர்மன் என்ற ஜெர்மன் நாடகாசிரியரின் 'மாக்டா'. அப்பா வீட்டைவிட்டுத் துரத்திய பெண், பெரிய பாடகியாகிப் பல வருடம் கழித்து ஊர் திரும்புகிறாள். அவளைக் கைவிட்ட பழைய காதலன், அவள் குழந்தைக்குத் தகப்பன், இப்போது அந்த வீட்டுக்கு வேண்டிய கனவானாக அவளைப் பார்க்க வருகிறான்.

அப்போது 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா. இருவரையும் பார்த்துவிட்டு அவர் எழுதிய கட்டுரை நடிப்பு விமர்சனத்தில் ஒரு மைல்கல். பெர்ன்ஹார்ட்டின் ஒப்பனையைப் பற்றி விஷமமாக எழுதினார். காதுமடலுக்குக்கூடச் சிவப்புப் பூசி, கூந்தலுக்கு நடுவே அது எட்டிப் பார்க்கும்படி விட்டிருந்தாராம். அது கிண்டல். கட்டுரையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது.

பழைய காதலன் உள்ளே வருகிறான். டூஸே பூங்கொத்தை வாங்கிக்கொள்கிறார், உட்காருகிறார். முதல் சங்கடம் கழிந்துவிட்டது, பெரிய விஷயமில்லை, சமாளித்துவிட்டோம் என்ற நிம்மதி முகத்தில் தெரிகிறது. பேச்சு ஓடுகிறது. இவ்வளவு வருடத்தில் ஆள் எப்படி மாறியிருக்கிறான் என்று ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார். அந்தப் பார்வையில்தான் விபரீதம். முகம் சிவக்க ஆரம்பிக்கிறது. சிவப்பதை அவரே உணர்கிறார், உணர்ந்ததும் இன்னும் கூடுகிறது. முகத்தைத் திருப்பிப் பார்க்கிறார், பயனில்லை. கடைசியில் கைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்.

டூஸே முகத்தில் சாயம் பூசாமல் நடிப்பவர். ஏன் பூசுவதில்லை என்று அதற்குப் பிறகு தனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்கிறார் ஷா. அதில் எந்தத் தந்திரமும் தன் கண்ணுக்குப் படவில்லை என்றும் எழுதுகிறார். அப்புறம், தொழில்காரனின் ஆர்வத்தோடு ஒரு சந்தேகம்: இது ஒவ்வொரு நாளும் தானாகவே வருமா?

இந்தச் சந்தேகத்துக்காகவே எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும். பரவசத்தில் மிதக்கும்போதும் ஷா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. விமர்சகர் பார்ப்பது ஒரு இரவு, நடிகை நடிப்பது நூறு இரவு. அந்த ஒரு இரவில் வந்தது கைத்திறனா, அதிர்ஷ்டமா என்று சொல்ல அவருக்கு வழியில்லை. இது அன்றைக்கு லண்டனில் சூடான விவாதமாகவும் இருந்தது. ஷாவின் நண்பர் வில்லியம் ஆர்ச்சர், நடிகர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, மேடையில் உங்களுக்கு உண்மையாகவே கண்ணீர் வருகிறதா, முகம் சிவக்கிறதா என்றெல்லாம் விசாரித்து 1888இல் ஒரு புத்தகமே போட்டிருந்தார். அதற்கும் நூறாண்டு முன்பு பிரான்சில் தத்துவ எழுத்தாளர் தீதரோ இதே விவகாரத்தைக் கிளப்பியிருந்தார். க்ளேரோன் என்ற நடிகை எல்லாவற்றையும் முன்பே மனதில் செதுக்கி வைத்துக்கொண்டு மேடையில் நிதானமாக நின்றார். துமெனில் என்ற நடிகை என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே ஏறி, பாதி நேரம் தடுமாறி, திடீரென்று ஒரு கணத்தில் உச்சத்தைத் தொட்டார். தீதரோவின் ஓட்டு க்ளேரோனுக்கு.

பெர்ன்ஹார்ட் பற்றி ஷா வைத்த குற்றச்சாட்டு இதுதான்: அவர் பாத்திரத்துக்குள் போவதில்லை, பாத்திரத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறார். டூஸேவுக்கோ ஒவ்வொரு வேடமும் தனித்தனி ஆள்.

பெர்ன்ஹார்ட்டின் வேடப் பட்டியலைப் பார்த்தால் யாரும் அவரைத்தான் பன்முகக் கலைஞர் என்பார்கள். ராணிகள், தாசிகள், துறவிகள். 1899இல் ஹாம்லெட்டாகவே நடித்தார். மறுவருடம் நெப்போலியனின் இளவயது மகனாக வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. 1915இல் ஒரு காலை வெட்டி எடுத்த பிறகும் மேடையை விடவில்லை. டூஸேவின் பட்டியல் இதைவிடக் குறுகலானது, ஒப்பனை கிடையாது, பொய்முடி வைத்து ஆளை மாற்றுவது கிடையாது. ஆனால் ஒவ்வொரு நாளும் வேறொரு பெண் வந்து நின்றாள் என்று எழுதினார்கள்.

ஆக, பன்முகம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. வேடங்களின் வரிசை எவ்வளவு அகலம் என்பது ஒன்று. உள்ளே இருக்கும் ஆள் மாறுகிறாளா என்பது இன்னொன்று. முதலாவதை விளம்பரத் தாளைப் பார்த்தே எழுதிவிடலாம். இரண்டாவதற்கு நாடகத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்காக ஷா சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. பெர்ன்ஹார்ட்டின் பக்கம் நின்ற விமர்சகர்களும் இருந்தார்கள், அவர்களும் முட்டாள்கள் இல்லை. கூட்டம் வந்தது சாராவைப் பார்க்க. அவர் எந்த வேடத்தில் வந்தாலும் சாராவாக இருக்க வேண்டும் என்றுதான் காசு கொடுத்தது. அந்த ஆளுமையை ஐம்பது வருடம் மேடையில் கட்டிக்காப்பதும் ஒரு கலைதான். ஷாவுக்கு எதார்த்த நாடகத்தின் மேல் காதல், நார்வே நாடகாசிரியர் இப்சனின் கொடி பிடித்தவர். டூஸே அவர் கட்சிக்குக் கிடைத்த சாட்சி. பாராட்டைப் படிக்கும்போது, பாராட்டுபவர் எந்தக் கட்சி என்றும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெர்ன்ஹார்ட்டின் ஹாம்லெட்டைப் பார்த்த விமர்சகர் மாக்ஸ் பியர்போம், டென்மார்க் இளவரசனை 'இளவரசி' ஆக்கித் தலைப்புப் போட்டு நையாண்டி செய்தார். தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பெர்ன்ஹார்ட் வாளை எப்படிப் பிடித்தார் என்பதை அந்தத் தலைப்பு சொல்லவில்லை.

தமிழில் இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றம் எல்லோருக்கும் தெரியும். ஏழு வருடம் பயின்று, பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் ஆடி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அது பரிசு. விமர்சனம் வருவது பின்னால், கடலாடு காதையில். வடக்கே மலையிலிருந்து ஒரு விஞ்சையன், அதாவது வானில் உலவும் வித்யாதரன், தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு இந்திர விழா பார்க்கப் புகாருக்கு வருகிறான். மாதவி ஆடும் பதினோரு ஆடல்களையும் ஒவ்வொன்றாக மனைவிக்குச் சுட்டிக்காட்டுகிறான்.

அவன் சொல்வதில் 'அற்புதம்', 'அபாரம்' கிடையாது. இது யார் ஆடியது, எங்கே நின்று ஆடியது, எதற்காக ஆடியது. முப்புரம் எரித்தபோது சிவன் ஆடிய கொடுகொட்டி. அவுணரின் கொடுந்தொழில் பொறுக்காமல் கொற்றவை ஆடிய மரக்கால். ஆண்மை திரிந்த பெண்கோலத்தில் காமன் ஆடிய பேடு. வடக்கு வாசல் வயலில் நின்று இந்திராணி ஆடிய கடையம். இதில் ஆறு நின்று ஆடுவது, ஐந்து வீழ்ந்து ஆடுவது என்று உடல்நிலையே மாறும். பேடு ஆடலை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒரு பெண், ஆண் தெய்வமாகி, அந்த ஆண் பெண்கோலம் பூண்டதை ஆடிக்காட்ட வேண்டும். மூன்று அடுக்கு. எந்த அடுக்கு எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் பார்ப்பவருக்கு அது வெறும் நளினம்.

இளங்கோ இதைச் சொல்லும் இடத்தில் 'அவரவர் அணியுடன் அவரவர் கொள்கையின்' என்கிறார். அணி என்பது உடுப்பும் ஒப்பனையும். கொள்கை என்பது அந்த ஆளின் இயல்பு, நிற்கும் விதம், எண்ணம். வேடம் மாறினால் இரண்டும் மாற வேண்டும். ஷாவும் பெர்ன்ஹார்ட்டும் மோதிய இடம் இந்த ஒரே அடியில் அடங்கிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், விண்ணிலிருந்து வந்தவன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க, பக்கத்திலேயே இருந்த கோவலன் ஆட்டம் முடியும்போது ஊடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இன்றைக்கு வருவோம். இப்போதைய பாராட்டுகளில் எண்ணிக்கை ஒரு மோகம். ஆஸ்திரேலிய நடிகை சாரா ஸ்னூக் 2024இல் லண்டனில் 'டோரியன் கிரே' நாடகத்தை ஒற்றை ஆளாக நடித்தபோது, எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் '26 பாத்திரங்கள்' முதலில் வந்து நின்றது. சுற்றிலும் திரைகள், கேமராக்கள், பதிவுசெய்யப்பட்ட தன் உருவங்களோடு தானே பேசும் ஏற்பாடு. அதற்கு லண்டனின் ஒலிவியே விருதும் மறுவருடம் நியூயார்க்கின் டோனி விருதும் கிடைத்தன. எண்ணிக்கை பொய்யில்லை, உழைப்பும் பொய்யில்லை. ஆனால் 26 என்பது நாடகப் பிரதியிலேயே இருக்கும் செய்தி.

அமெரிக்காவின் அன்னா டிவேர் ஸ்மித் 1992இல் தனியாக நடித்த நாடகத்திலும் தற்செயலாக 26 பேர்தான். அதற்கு முந்தைய வருடம் நியூயார்க்கின் கிரௌன் ஹைட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களுக்கும் யூதர்களுக்கும் இடையே நடந்த கலவரம்தான் பொருள். சம்பந்தப்பட்டவர்களைப் பேட்டி எடுத்து, ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவர்கள் பேசியதை அப்படியே மேடையில் பேசினார். அப்படியே என்றால், இழுத்தது, திக்கியது, பாதியில் விட்டுவிட்டு வேறு வாக்கியத்துக்குத் தாவியது எல்லாம் சேர்த்து. தலைவரும் பாதிரியாரும் இல்லத்தரசியும் மாறுவதற்கு ஒரு தொப்பியோ சால்வையோ போதுமாக இருந்தது. பேச்சு உடையும் இடத்தில்தான் அந்த ஆள் வெளியே தெரிகிறார் என்பது அவருடைய கணிப்பு. இந்த ஒரு தகவல் தெரிந்தபின் அவர் நடிப்பைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்று விஞ்சையன் மனைவிக்குக் காட்டிய மாதிரி.

விருதுக்காரர்களுக்கும் பன்முகத்தை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. டோனி விருதில் நாடகம், இசை நாடகம் என்று இரண்டு, ஒவ்வொன்றிலும் முதன்மை வேடம், துணை வேடம் என்று இரண்டு, ஆக நடிப்புக்கு நான்கு பிரிவு. நான்கிலும் வென்றவர் ஆட்ரா மெக்டொனால்ட் ஒருவர்தான். 1994இல் ஆரம்பித்து 2014க்குள் மொத்தம் ஆறு விருது. ஆறாவது விருது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாடகி பில்லி ஹாலிடேவின் கடைசிக் காலத்தைக் காட்டும் வேடம் அது. மெக்டொனால்ட் செவ்வியல் முறையில் தேறிய குரல் கொண்டவர், உயரத்தில் தெளிவாக ஒலிக்கும் குரல். அதைத்தான் மக்கள் கேட்க வருகிறார்கள். அந்தக் குரலைச் சுத்தமாக மூடிவைத்துவிட்டு, கரகரத்துத் தேய்ந்த இன்னொருத்தியின் குரலில் மாலை முழுக்கப் பாடினார். தன்னிடம் இருக்கும் நல்லதை வெளியே காட்டாமல் இருப்பது பெரிய காரியம்.

நடிகைக்கு எத்தனை முகம் இருந்தாலும், அதைக் காட்ட வேடம் கிடைக்க வேண்டுமே. பழைய நாடகங்களில் பெண்களுக்கான பெரிய வேடங்கள் குறைவு, நாற்பது வயது தாண்டினால் இன்னும் குறைவு. பெர்ன்ஹார்ட் ஆண்வேடங்களுக்குப் போனதில் இதற்கும் பங்கு உண்டு. கிளெண்டா ஜாக்சன் 23 வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துவிட்டு, 2016இல் எண்பது வயதில் மேடைக்குத் திரும்பியபோது எடுத்தது லியர் மன்னன் வேடத்தை. அந்த வயதுப் பெண்ணுக்கென்று அந்த அளவு கனமான வேடத்தை யாராவது எழுதிவைத்திருந்தால்தானே? அப்புறம் அழகு. மாதவிக்கே ஆடல், பாடல், அழகு என்று மூன்றில் ஒன்று குறையக்கூடாது என்று விதி. நடிகைகளைப் பற்றிய விமர்சனத்தில் இந்த மூன்றாவது எவ்வளவு இடம் பிடித்துக்கொண்டது என்று சொல்லத் தேவையில்லை. டூஸேவின் முகச்சுருக்கங்களை வேண்டுமானால் தூரக்கண்ணாடி வைத்து எண்ணிக்கொள்ளுங்கள், அவை அவருடைய மனிதத்தன்மைக்கு அத்தாட்சி என்று 1895லேயே ஷா எழுதியது அந்த வகையில் துணிச்சல்தான். அறுபது வயதைக் கடந்த பிறகும் டூஸே நரைத்த தலையோடு, சாயம் பூசாமல், இளம் மனைவியாக நடித்தார்.

நடிப்பை வார்த்தையில் பிடித்துவைப்பதை ஒரு நாடகக் குழுவே முறையாகச் செய்தது பெர்லினில். 1949 ஜனவரியில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்' அங்கே மேடையேறியது, ஹெலெனெ வைகல் தலைப்பு வேடத்தில். போர்க்களத்தில் வண்டி இழுத்துக்கொண்டு வியாபாரம் செய்யும் தாய். ஒவ்வொரு காட்சியையும் புகைப்படமெடுத்து, ஏன் அந்த அசைவு என்று குறிப்பெழுதி, மாதிரிப் புத்தகமாகத் தொகுத்தார்கள்.

அந்த நாடகத்தில் எல்லோரும் பேசுவது வைகலின் ஓசையில்லாத அலறலைப் பற்றி. மகனைச் சுட்டுக் கொல்லும் வேட்டுச்சத்தம் கேட்கிறது. அவர் தலை பின்னால் சாய்கிறது, வாய் முழுக்கத் திறக்கிறது, சத்தம் வருவதில்லை. போரில் இறந்த மகனின் உடல் அருகே குந்தியிருக்கும் ஒரு இந்தியத் தாயின் பத்திரிகைப் படம் அதற்கு மூலம் என்று பிரெக்ட் குறித்திருக்கிறார். பார்த்த விமர்சகர் ஜார்ஜ் ஸ்டெய்னர், வர்ணிக்க முடியாத கொடூரமான ஓசை என்று எழுதிவிட்டு, ஆனால் ஓசையே இல்லை என்று அடுத்த வாக்கியத்தில் திருத்துகிறார். இல்லாத சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது கடைசிக் காட்சியில் வரும் ஒரு சின்ன விஷயம். ஊமை மகளும் செத்துவிட்டாள். அடக்கம் செய்யக் குடியானவர்களிடம் காசு கொடுக்க வேண்டும். வைகல் தோல்பைக்குள் கைவிட்டு நாணயங்களை எடுக்கிறார். பார்க்கிறார். ஒரு காசை மட்டும் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிறார். மூன்று பிள்ளைகளையும் போர் தின்றுவிட்டது, கைமட்டும் இன்னும் வியாபாரியின் கை. அலறலும் அந்த ஒரு காசும் ஒரே பெண்ணிடமிருந்து ஒரே மாலையில் வருகின்றன. பன்முகம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரே வேடம், ஒரே உடுப்பு.

பாராட்டை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நடிகையும் ஒருவர் உண்டு. வங்காளத்தின் பினோதினி தாசி. 1874இல் சிறுமியாக மேடையேறி, ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் கல்கத்தா மேடையை ஆண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் விலகிக்கொண்டவர். மேகநாதன் வதை நாடகத்தில் ஏழு வேடம் ஒரே ஆளாகக் கட்டியவர். 1884இல் அவர் சைதன்யராக நடித்ததைப் பார்க்க ராமகிருஷ்ண பரமஹம்சரே வந்து ஆசீர்வதித்தார். புதிதாகக் கட்டும் அரங்குக்குத் தன் பெயர் வரும் என்ற நம்பிக்கையில் அதற்காகத் தன் வாழ்க்கையையே பணயம் வைத்தார். 1883இல் அரங்கு திறந்தபோது 'ஸ்டார்' என்று பெயர் வைத்தார்கள். தாசி குலத்தில் பிறந்த பெண்ணின் பெயரைப் பலகையில் எழுத மனம் வரவில்லை. 'ஸ்டார்' என்ற பெயரில் கொல்கத்தாவில் இருந்த அரங்குக்குப் பினோதினியின் பெயர் சூட்டப்படும் என்று மேற்கு வங்க முதல்வர் அறிவித்தது 2024 டிசம்பர் கடைசியில்.

மேடையை விட்டு வெகுகாலம் கழித்துப் பினோதினி தன் கதையை எழுதினார். முன்னுரைக்குத் தன் குரு கிரீஷ் சந்திர கோஷிடம் கேட்டார். வங்க நாடகத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்டவர், இவரை உருவாக்கியவர், இவர் நடித்த நாடகங்கள் பலவற்றை எழுதியவர். கோஷ் எழுதிக் கொடுத்தார், புகழ்ந்துதான் எழுதினார். படித்துப் பார்த்த பினோதினிக்குத் திருப்தியில்லை. நடந்த உண்மைகள் பல அதில் விடுபட்டிருந்தன. திருத்தி எழுதித் தாருங்கள் என்று கேட்டார், அவரும் சரி என்றார். எழுதுவதற்குள் 1912இல் இறந்துபோனார். புத்தகம் அந்த முன்னுரை இல்லாமலே முதலில் வந்தது. பழைய முன்னுரையைப் பிந்தைய பதிப்பில்தான் சேர்த்தார்கள், திருத்தாமல்.